குடிக்கூலிக்கு வீடு விடுதல்

குடிக்கூலிக்கு வீடு விடுதல் என்பது, வீட்டின் உரிமையைத் தம்மிடமே இருத்திக்கொண்டு, அதில் வசிக்கும் அனுபோகத்தை மட்டும் ஒரு கால வரையறைக்கு உட்பட்டு மாத வாடகைக்குப் பிறரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடாகும். பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையைத் திரும்பப் பெறும் ஒத்தி முறையும் தமிழ்நாட்டு நகரங்களில் உண்டு. பேச்சில் அதனை 'லீஸ்' என்பர். இங்கே கூறப்படுவது மாத வாடகை முறையைப் பற்றியது. அதிலும் சென்னையின் அனுபவத்தையே பிரதானமாகக் கொண்டது.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் முதலிய இடங்களின் பழைய வீடுகளில் ஒரே முற்றத்தையும் ஒரே கிணற்றையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட ஒண்டுக்குடித்தன வாழ்க்கையில், வீட்டுக்காரரும் பெரும்பாலும் அதே வீட்டின் ஒரு பகுதியில் வசித்தமையால், புதிதாக வருபவரைப் பற்றி விசாரிப்பது தனியொரு காரியமாகத் தோன்றவில்லை. உறவினரோ அலுவலகத் தோழரோ கையைப் பிடித்து அழைத்து வந்ததே போதிய அறிமுகமாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்து இடநெருக்கடியில் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு, 1949, 1960 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நிலைபெற்று, சட்டம் குறிப்பிட்ட காரணங்களுக்காக அன்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற இயலாது என்ற நிலையை உண்டாக்கியபின், யாரைக் குடிவைப்பது என்னும் கேள்வி வீட்டுக்காரருக்குப் பெருங்கவலையாயிற்று. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, இருதரப்பாரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டமே இப்போது தமிழ்நாட்டில் வழங்குவது.

விசாரணையின் உயிர்நாடி முந்தைய வீட்டுக்காரரின் வாய்மொழியாகும். சம்பளச் சீட்டு, ஆதார் அட்டை, நிறுவனத்தின் அடையாள அட்டை ஆகியவை ஒருவர் யார் என்பதையும் என்ன சம்பாதிக்கிறார் என்பதையும் காட்டுமேயன்றி, ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுப்பாரா, வீட்டைப் பேணுவாரா, அண்டை அயலாரோடு ஒத்துப்போவாரா என்பவற்றைக் காட்டமாட்டா. இவற்றை அறிந்தவர், அவரோடு இரண்டு மூன்று ஆண்டுகள் பழகிய மனிதரே. ஆனால் ஒருவரை எப்படியாவது அனுப்பிவிட்டால் போதும் என்றிருக்கும் வீட்டுக்காரர் அவரை வாயாரப் புகழவும் கூடுமாகையால், இப்போது குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரோடு நில்லாமல், அதற்கு முன் குடியிருந்த வீட்டுக்காரரையும் கேட்பது ஜாக்கிரதையான வழியாகும். வாடகை, குடும்ப வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுமாயின், எவ்வளவு நல்லவராயினும் நோய், திருமணம், வேலையிழப்பு என ஏதேனும் ஒரு சங்கடம் நேரும்போது அவருக்கு நிலுவை வைப்பதைத் தவிர வேறு வழி இராது. அத்தகையவருக்கு வீட்டை மறுப்பது அவருக்கே செய்யும் உபகாரம் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். எத்தனை பேர் வசிக்கப்போகிறார்கள், வாகனம் எத்தனை, ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவரா என்பவற்றையும் முதலிலேயே கேட்டுவிடுதல் நலம். பின்னால் கேட்டால் அவை குற்றச்சாட்டுகளாகத் தொனிக்கும். குடிவருபவரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தெரிவிக்குமாறு சென்னைக் காவல்துறை கேட்டுக்கொள்வதால், அதற்கான படிவத்தையும் அப்போதே நிரப்பிவிடலாம்.

'நீங்கள் என்ன ஆட்கள்?' என்றும், 'சைவம்தானே?' என்றும் கேட்பது நம் நகரங்களில் நெடுநாளாக நிலவும் வழக்கம். உணவைப் பற்றிய கேள்வி பல வேளைகளில் சாதியையும் மதத்தையும் பற்றிய கேள்வியின் மறுவடிவமாகவே இருக்கிறது. நல்ல உத்தியோகமும் நாணயமும் உடைய குடும்பங்கள், கையில் முன்பணத்தை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து, ஒவ்வொரு வாசலிலும் பெயரைச் சொன்னவுடன் திருப்பி அனுப்பப்படுகின்றன. தனியே வாழும் பெண்களும், மணமாகாத இளைஞர்களும் அடையும் கதியும் இதுவே. இது பெரும் அநியாயம்; வீட்டுக்காரருக்கும் இதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. வாடகை ஒழுங்காக வருவதற்கும் சுவர் பழுதின்றி இருப்பதற்கும் குடியிருப்பவரின் குலத்தோடு எத்தகைய சம்பந்தமும் கிடையாது.

சாவியைக் கொடுக்குமுன் ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதனால், பதினொரு மாதத்துக்கு எழுதி மேசையில் வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. புதிய சட்டமோ காலம் எதுவாயினும் ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவு பெற வேண்டும் என்கிறது. வாடகைத் தொகை, ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், பராமரிப்புக் கட்டணத்தை யார் கொடுப்பது, காலி செய்ய எத்தனை மாத அறிவிப்பு ஆகியவற்றோடு, மின்விசிறி, குழாய், பூட்டு முதலியவற்றின் பட்டியலையும், குடிபுகும் நாளில் மின்மீட்டர் காட்டும் அளவையும் அதில் சேர்த்து, சுவர்களைப் புகைப்படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்வார்களாயின், ஆணி அடித்த தழும்பைப் பற்றிப் பிற்காலத்தில் எழும் வாதங்களுக்கு இடமே இராது.

முன்பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாதென்றிருந்தபோதே, சென்னையில் பத்து மாத வாடகையை வாங்குவது சம்பிரதாயமாக வேரூன்றிவிட்டது. இப்போதைய சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டாலன்றி, மூன்று மாத வாடகையே உச்சம் என்கிறது. காலி செய்யும்போது வெள்ளையடிப்பதற்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் மற்றொரு சம்பிரதாயம். ஆனால் வெள்ளையடித்தலையும், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுதலையும், மின்கம்பி வேலையையும், சட்டத்தின் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, வீட்டுக்காரரின் கடமையாகவே வைத்திருக்கிறது. குழாய், சுவிட்சு, உடைந்த கண்ணாடி போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவரைச் சேர்ந்தவை. பிடித்தம் ஏதேனும் உண்டெனில் அதை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குவதே நேர்மை.

குடியமர்ந்தபின் வரும் விவகாரங்களில் மிகுதியானவை தண்ணீரையும் மின்சாரத்தையும் பற்றியவை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு நகரமே லாரித் தண்ணீரை எதிர்நோக்கி நின்றபோது, மோட்டாரை எந்நேரம் போடுவது, லாரிக்கான பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பவற்றை முன்கூட்டிப் பேசாத வீடுகளில் மனக்கசப்பு மூண்டது. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வைத்து வாரியத்தின் ரசீதுப்படியே வாங்குவது ஒன்றே குறைகூற இயலாத வழி. 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்படுகையில், எல்லா யூனிட்டுக்கும் தாமே ஒரு விலை வைத்து வசூலிப்பது குடியிருப்பவருக்கு உரியதைப் பறிப்பதாகும். வாடகைக்கு ரசீது கொடுத்தல் கட்டாயம். பழுது பார்க்கவோ வீட்டைப் பார்வையிடவோ உள்ளே செல்வதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொந்த வீடுதானே என்று கதவைத் தட்டிய மாத்திரத்தில் சமையலறை வரை செல்வது, வாடகை கொடுப்பவரின் அந்தரங்கத்தை மதியாத செயலாகும்.

நிலுவை நேர்ந்தால், முதல் மாதத்திலேயே நேரில் சென்று காரணத்தைக் கேட்பது உத்தமம்; பலர் கூச்சத்தால் மூன்று மாதம் மௌனமாயிருந்து, நான்காம் மாதத்தில் கோபத்தோடு போய் நிற்கின்றனர். இரண்டு மாத வாடகை நின்று, அதைக் கேட்டு அனுப்பிய அறிவிப்புக்குப்பின் ஒரு மாதமாகியும் தீராவிடில், வாடகை நீதிமன்றத்தை அணுகிக் காலி செய்விக்கலாம். எக்காரணத்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தலாகாது. அவ்வாறு நிறுத்தினால், அவற்றை உடனே மீட்டுத்தருமாறு உத்தரவிடும் அதிகாரம் வாடகை அதிகாரிக்கு உண்டு. சட்டம் ஒருபுறமிருக்க, குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் குழாயை அடைப்பது எந்த நிலுவைக்கும் ஈடாகாத கொடுமை.

காலி செய்யும் நாளில் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மின்கட்டணத்தைக் கணக்கிட்டு, மிச்ச முன்பணத்தைச் சாவி பெறும்போதே கொடுத்துவிடுவது சிறந்தது. சட்டம் ஒரு மாத அவகாசம் தந்தாலும், பெரும்பாலோர் அந்தத் தொகையைக் கொண்டே அடுத்த வீட்டின் முன்பணத்தைக் கட்ட வேண்டியிருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்ச நம்மவர் தயங்குவதால், அம்மாதங்களில் காலியாகும் வீடு ஆளின்றிப் பூட்டிக் கிடப்பது வழக்கம்; ஆதலால் மார்கழியில் தவணை முடியும் குடும்பத்தைத் தை பிறக்கும்வரை அதே வாடகையில் இருக்கவிடுவது, இருதரப்பாருக்கும் அனுகூலமாகிறது.