எட்டாவது சுரம்: காம்போதியும் பீபாப்பும்

ஸ்ரீவில்லிபுத்தூர், வ. புதுப்பட்டிப் பக்கத்துத் திருவிழாக்களில் நாகசுரம் கேட்டு வளர்ந்த காதுக்கு, ஜாஸ் இசையின் ஒரு ரகசியம் எளிதில் புரியும். காம்போதி ராகம் 28ஆவது மேளமான அரிகாம்போதியில் பிறந்தது. தாய் ராகத்தில் கைசிகி நிஷாதம் மட்டும்தான். காம்போதியிலோ சில பிடிகளில் காகலி நிஷாதமும் எட்டிப் பார்க்கும். இப்படி அன்னிய சுரம் வரும் ராகம் பாஷாங்க ராகம் எனப்படும்.

இதே எட்டாவது சுரம் 1940களில் நியூயார்க்கிலும் ஒலித்தது. நடனத்துக்கு வாசித்துச் சலித்த இளைஞர்கள், ஹார்லெம் பகுதியின் மின்டன்ஸ் போன்ற விடுதிகளில் இரவெல்லாம் புதுப் பாணியில் வாசித்தனர். அதுவே பீபாப். ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த சார்லி பார்க்கர் (1920-1955), டிரம்பெட் வாசித்த டிஸ்ஸி கில்லஸ்பி (1917-1993) ஆகியோர் அதன் முன்னோடிகள்.

அவர்களுக்கு எட்டாவது சுரம் எதற்கு? நான்கு தட்டுக்கு, தட்டுக்கு இரண்டு வீதம் எட்டுச் சுரங்கள் தேவை. அரிகாம்போதியை மேலிருந்து இறக்கினால் ஸ-நி-த-ப-ம-க-ரி என ஏழுதான். தட்டில் விழுபவை ஸ, த, ம, ரி. ஆனால் பின்னணியில் ஒலிக்கும் கார்டின் சுரங்களோ ஸ, க, ப, நி. முதல் சுரம் தவிர எதுவும் சேரவில்லை. ஷட்ஜத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவே காகலி நிஷாதத்தைச் சேர்த்தால் தட்டில் விழுபவை ஸ, நி, ப, க. நான்கும் கார்டுக்குள் அடங்கிவிடுகின்றன!

இதற்குப் "பீபாப் ஸ்கேல்" என்ற பெயரைப் பரப்பியவர் டேவிட் பேக்கர் (1931-2016) என்ற இசை ஆசிரியர். அதற்குள் பார்க்கர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இலக்கியம் முதலில், இலக்கணம் பிறகு என்பது இசைக்கும் பொருந்தும்.

இரண்டு மரபுகளும் பின்னாளில் நேரில் சந்தித்தன. நாகசுரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத் (1949-2019) சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்தவர். 1994இல் வெளிவந்த "டூயட்" படத்தில் ஒலிப்பது அவரது வாசிப்புதான். ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் அவரும் சேர்ந்து 2008இல் "கின்ஸ்மென்" என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். பார்க்கரைப் போற்றி 2015இல் "பேர்டு கால்ஸ்" வெளியிட்டவரும் இதே மகந்தப்பாதான்.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஜாஸில் அன்னிய சுரத்தின் இடத்தைத் தாளம் தீர்மானிக்கிறது. காம்போதியில் பிடி தீர்மானிக்கிறது. கண்ட இடத்தில் காகலி நிஷாதம் வந்தால் காம்போதி கெட்டுவிடும். தட்டு மாறி விழுந்தால் பீபாப்பும் அப்படியே. ஸ்கேலை மனப்பாடம் செய்து மேலும் கீழும் ஓடுவதால் மட்டும் கற்பனை வந்துவிடாது. அந்தச் சுரம் எங்கே, ஏன் வருகிறது என்று அறிந்தவருக்கு அது அழகு. அறியாதவருக்கு அபசுரம்.