பெயரறியாச் சிப்பாய்கள்: றாவல்பிண்டி நச்சுவாயுச் சோதனைகளும் அங்கீகாரத்தின் வரலாறும்

போரிற்பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அதிலே அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து வைப்பது பழந்தமிழர் மரபு. தொல்காப்பியப் புறத்திணையியல் அதனை முறையாக வகுத்துக் கூறும். அம்மரபுக்கு அடிப்படையாயிருந்தது கண்ணுக்குப் புலனாகும் காயமாகும். அம்பு தைத்த மார்பையும் வாள் பட்ட தோளையும் ஊரார் கண்டனர். எனவே சான்று வேறு வேண்டியிருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டுப் போர்முறை இந்நிலையை மாற்றியது. சுவாசித்த நஞ்சு இருபது, முப்பது ஆண்டுகளின் பின் நெஞ்சறையிலே நோயாக வெளிப்படும்போது, அது சேவைக்காலத்தில் ஏற்பட்ட காயமே என்பதை நிறுவும் சுமை நோயாளியின் மீதே விழுந்தது. இச்சுமையை இறக்கி வைக்கப் பல நாடுகளின் முன்னாட் படைவீரர் நடத்திய போராட்டம், போர்களின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயமாகும். இந்தியச் சிப்பாய்களோ அவ்வத்தியாயத்தில் இடம்பெறவேயில்லை.

கடுகு வாயு எனப்படும் மஸ்ரட் வாயு 1917 யூலையில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகர்ப் புறத்தில் ஜேர்மனியராற் போரில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. தோலிலே கொப்புளங்களை எழுப்பிக் கண்ணையும் சுவாசப்பையையும் தாக்கும் இந்நஞ்சு, உடனடியாகக் கொன்றவர்களிலும் பார்க்க நீண்டகாலம் வருத்தியவர்களே அதிகம். 1925இல் ஜெனீவா உடன்படிக்கை நச்சுவாயுக்களைப் போரிற் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. ஆயினும் அவற்றை ஆக்குவதையோ ஆராய்வதையோ அது தடுக்கவில்லை. இவ்விடைவெளியிலேதான் சோதனைக் கூடங்கள் வளர்ந்தன. அவற்றுள் முதன்மையானது 1916இல் இங்கிலாந்தின் வில்ற்சயர்ப் பகுதியில் நிறுவப்பட்ட போட்டன் டவுன் ஆகும்.

போட்டன் டவுன் அறிவியலாளர் 1930களின் தொடக்கம் முதல் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிரித்தானிய இந்தியாவின் றாவல்பிண்டியிலுள்ள படைத்துறை நிலையமொன்றிற் சோதனைகள் நடத்தினர். நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் அவற்றுக்கு உட்படுத்தப்பட்டனர். அரைக் காற்சட்டையும் பருத்திச் சட்டையும் அணிந்த நிலையிற் சிலர் வாயு அறைகளுக்குள் அனுப்பப்பட்டனர். இந்தியரின் தோலை இவ்வாயு பிரித்தானியரின் தோலிலும் மிகுதியாகத் தாக்குமா என்பதும், போர்க்களத்தில் எவ்வளவு வாயு வேண்டப்படும் என்பதும் அவர்கள் அறிய விரும்பியவை. கடுமையான எரிகாயங்களுடன் மருத்துவமனை சேர்ந்தோர் பலர். சோதனை முடிந்தபின் அச்சிப்பாய்களின் உடல்நிலையை எவரும் தொடர்ந்து கவனிக்கவில்லை. கடுகு வாயு புற்றுநோயை விளைவிக்கும் என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது.

இச்செய்தி பொதுமக்களுக்குத் தெரியவந்தது 2007இலேயே. பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்த பத்திரங்களை ஆதாரமாகக் கொண்டு இலண்டன் கார்டியன் பத்திரிகை அதனை வெளியிட்டது. அக்காலத்துச் செயலை இக்காலத்து அளவுகோலால் அளத்தல் ஆகாது என்பதே போட்டன் டவுன் தரப்பின் விடையாயிற்று. இவ்விடை ஆராயத்தக்கது. ஜெனீவா உடன்படிக்கை அக்காலத்ததே. தாம் உட்படும் சோதனையை அறிந்து உடன்படும் உரிமையும் இக்காலத்துக் கண்டுபிடிப்பன்று. மேலும், குடியேற்ற நாட்டுப் படையிலே கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நின்ற சிப்பாயின் இசைவை எவ்வகையில் விருப்பார்ந்த இசைவெனக் கொள்ளலாம் என்ற வினா எஞ்சியே நிற்கிறது.

பிற நாடுகளில் நிகழ்ந்தவற்றுடன் ஒப்பிடுமிடத்து இவ்வினா மேலும் தெளிவு பெறும். ஐக்கிய அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏறத்தாழ 60,000 படையினர் இரசாயனச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். இரகசியம் காக்கும்படி பணிக்கப்பட்ட அவர்கள் பல்லாண்டுகள் மருத்துவரிடமும் வாய்திறக்கவில்லை. கறுப்பினத்தவர், ஜப்பானிய வம்சாவளியினர், போட்டோ றிக்கோவினர் ஆகியோர் இன அடிப்படையிலே தெரிவுசெய்யப்பட்டுச் சோதிக்கப்பட்டமை 2015இல் வெளிவந்தது. றாவல்பிண்டியில் எழுப்பப்பட்ட அதே வினா அங்கும் எழுப்பப்பட்டிருந்தது. கனடா அரசு 2004இல், தன் நாட்டிற் சோதனைக்குட்பட்ட வீரர் ஒவ்வொருவருக்கும் 24,000 டொலர் வழங்க முன்வந்தது. பிரித்தானியாவில், 1953இல் சரின் நஞ்சு தோலில் இடப்பட்டு இறந்த இருபது வயது வான்படை வீரர் றொனால்ட் மடிசனின் மரணம் சட்டவிரோதக் கொலையே என 2004இல் நடந்த இரண்டாம் மரண விசாரணை தீர்ப்பளித்தது. 2008இல் 360 முன்னாட் படையினருக்கு முப்பது இலட்சம் பவுண் வழங்க அரசு இணங்கியது. எனினும் சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை.

இவற்றின் தொடர்ச்சியாகவே அண்மைக்கால எரிகுழிப் பிரச்சினையையும் நோக்குதல் வேண்டும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படைத்தளங்களின் பிளாஸ்ரிக், மருத்துவக் கழிவு, வர்ணம், மின்கலம் முதலியன திறந்த குழிகளில் இட்டு எரிக்கப்பட்டன. அப்புகையைச் சுவாசித்தோர் நாடு திரும்பியபின் நுரையீரல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் ஆளாகினர். அவர்களுடைய கோரிக்கைகளுட் பெரும்பாலானவை போதிய சான்றில்லை என்று தள்ளப்பட்டன. 2022 ஆகஸ்ட் 10ஆம் திகதி கையொப்பமிடப்பட்ட சட்டம் இந்நிலையை மாற்றியது. குறித்த காலத்தில் குறித்த இடத்தில் சேவையாற்றியவருக்குக் குறித்த நோய் ஏற்படின், அது சேவையால் விளைந்ததே எனக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். வியட்நாமிற் தெளிக்கப்பட்ட ஏஜன்ட் ஒறேஞ்ச் நஞ்சு தொடர்பாக 1991இல் இயற்றப்பட்ட சட்டமும் இதே நெறியைக் கொண்டது. நிறுவும் சுமை தனிமனிதனிடமிருந்து அரசுக்கு மாறியமையே இச்சட்டங்களின் உண்மையான பெறுபேறு எனலாம்.

ஆயினும் இந்நெறிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. யார், எங்கே, எப்பொழுது பணியாற்றினார் என்னும் பதிவு இருத்தல் வேண்டும். மடிசனுக்குக் குடும்பமும் வழக்கறிஞரும் இருந்தனர். எரிகுழி வீரர்களுக்குச் சங்கங்களும் வாக்குரிமையும் இருந்தன. றாவல்பிண்டிச் சிப்பாய்கள் பணிபுரிந்த பேரரசு 1947இல் விலகிச் சென்றது. அவர்கள் நின்ற மண் பாகிஸ்தானாயிற்று. அவர்களின் ஊர்கள் இரு நாடுகளுக்குமிடையே பங்கிடப்பட்டன. அவர்கள் சார்பிற் கேட்பதற்கு எந்த அரசும் தன்னைக் கடமைப்பட்டதாகக் கருதவில்லை.

இஃது ஈழத்தவருக்குத் தொலைவான செய்தியன்று. சுன்னாகம் மின்நிலையச் சூழலில் நிலத்தடி நீரில் எண்ணெய் மாசு கலந்தமை பற்றிய வழக்கில், மாசுபடுத்தியோரே அதன் விலையைச் செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டின்படி 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்தது. அங்கு கிணறு இருந்தது. கிணற்றுக்கு உடையவர் இருந்தார். எனவே வழக்கும் இருந்தது. மண்டைதீவின் வரலாறு மற்றொரு நிலையைக் காட்டும். 1990 ஆகஸ்டில் தீவகத்தில் நடந்த இராணுவ நடவடிக்கையின்போது மண்டைதீவிலும் அயலூர்களிலும் பிடிக்கப்பட்டுக் காணாமற்போனோரின் பெயர்களை அவர்தம் குடும்பத்தினர் இன்றும் மறவாது வைத்திருக்கின்றனர். அங்கே பெயர்கள் உண்டு. அரசின் விடை இல்லை. றாவல்பிண்டியில் அரசின் பத்திரங்கள் உண்டு. துன்புற்றோரின் பெயரைச் சொல்லிக் கேட்க எவருமில்லை. இவ்விரண்டும் ஒரே குறைபாட்டின் இரு பக்கங்களாகும்.

அங்கீகாரம் என்பது பணம் மட்டுமன்று. நடந்தது நடந்ததே என்று பொறுப்புடையோர் ஏற்றுக்கொள்வதே அதன் முதற்படி. பணம் பெறுதற்கு உயிருடனிருத்தல் வேண்டும். உண்மையை ஏற்பதற்கு அந்நிபந்தனை இல்லை. றாவல்பிண்டிச் சோதனைப் பதிவேடுகளை முழுமையாக ஆராய்ந்து, அங்கே நின்றோரின் படைப்பிரிவுகளையும் இயலுமாயின் பெயர்களையும் வெளியிடுவது பிரித்தானிய அரசின் கடன். அக்கடனை நினைவூட்டுவது வரலாறு கற்போரின் பணியாகும். நடுகல்லுக்குக் கல் தேடுமுன் அதிற் பொறிக்கும் பெயரைத் தேடவேண்டிய காலம் இது.