விலை கூறும் உரிமை: புதுக்கோட்டைச் சந்தைகளின் வரலாறு காட்டும் உண்மை

கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இன்றி வாணிகம் செய்தோரைப் பட்டினப்பாலை புகழ்கிறது. விலை என்பது விற்போனும் வாங்குவோனும் மனமொப்பி முடிவு செய்வது என்னும் எண்ணம் அப்புகழ்ச்சியின் அடித்தளமாக உள்ளது. தடையிலாச் சந்தையைப் போற்றும் இக்காலப் பொருளியலாரும் ஏறத்தாழ இதனையே கூறுவர். அரசு விலகி நின்றால் தேவையும் வரத்தும் தாமே விலையைக் கண்டுகொள்ளும், முயற்சியுடையோர் உயர்வர் என்பது அவர்தம் துணிபு. அத்துணிபில் உண்மை உண்டு. அவ்வுண்மை யார்க்கு, எந்நிலையில் பலிக்கிறது என்பதை அறியப் புதுக்கோட்டை மாவட்டத்தின் வரலாறு தக்க சான்றுகளைத் தருகிறது.

பொற்காசும் பேரேரியும்

1898ஆம் ஆண்டில் கறுக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் ஒன்று கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலையுருவின் மீது உளியால் வெட்டிய வடு காணப்படுகிறது. அயல்நாட்டு மன்னன் முகத்துக்கு மதிப்பளிக்காமல், பொன்னின் எடைக்கே மதிப்பளித்து வாங்கியதன் அடையாளம் இது என்று நாணயவியலாருள் சிலர் கருதுவர். கடல் கடந்த வாணிகம் இம்மண்ணுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதற்கு இப்புதையல் ஒன்றே போதும்.

உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரியும் இடமாகக் கொடும்பாளூரைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. வழிகள் கூடும் இடத்தில் வணிகர் கூடுவது இயல்பு. இடைக்காலத்தில் கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் பெயர்பெற்ற வணிகக் குழுவினராக விளங்கினர். திருமயம் வட்டத்து முனசந்தைக் கல்வெட்டில் திசையாயிரத்து ஐந்நூற்றுவரின் பெயரைத் தாங்கிய பேரேரி ஒன்று குறிக்கப்பெறுகிறது. இவ்வணிகர் அரசனை மட்டும் நம்பியிருந்தவர் அல்லர். சாத்துக்குக் காவலாகத் தமக்கென வீரர்களை வைத்திருந்தனர். குழுவாகக் கூடித் தமக்குள் கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டனர். காவலும் கட்டுப்பாடும் கூட்டும் இருந்தமையாலேயே அவர்தம் வாணிகம் தழைத்தது. சந்தை தானே முளைத்துத் தானே வளர்ந்ததாக எண்ணுவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

பர்மா நெல்லும் கடனும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அடங்கிய ராயவரம், கடியாபட்டி, பொன்னமராவதி முதலிய ஊர்களில் வாழ்ந்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிற ஊர் நகரத்தாருடன் பர்மாவுக்குப் பெருமளவில் கொண்டுவிற்கச் சென்றனர். 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தபின் ஐரோப்பியச் சந்தை பர்மா அரிசிக்கு அண்மையாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் திருத்தப்பட்டு விளைநிலங்களாயின. அந்நிலங்களைத் திருத்திய உழவனுக்கு ஆங்கில வங்கிகள் கடன் தரவில்லை, நகரத்தாரே தந்தனர். உலகில் அரிசி ஏற்றுமதியில் பர்மா முதலிடம் பெற்றமைக்கு அவர்தம் முதலும் ஒரு காரணமாகும். 1929-30இல் ஆய்ந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கிருந்த நகரத்தார் முதலை 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. தடையிலாச் சந்தையின் நன்மைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஆயின் 1930இல் உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது. விலை சரிந்தபோது கடன் சரியவில்லை. வட்டியும் வாயிதாவும் முன்போலவே நின்றன. நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காட்டு நிலம் நகரத்தார் வசம் இருந்தது. 1938க்குள் அது 25 விழுக்காடாயிற்று. கொடுத்த பணத்தையே அவர் வேண்டினர், வந்ததோ நிலம். விற்க முயன்றாலும் வாங்குவார் இல்லை. தன் வயலிலேயே குத்தகையாளாக நின்ற பர்மிய உழவனின் கண்ணுக்கு, லண்டனில் விழுந்த விலை தெரியவில்லை. எதிரில் நின்ற நகரத்தாரே தெரிந்தார். 1942இல் சப்பானியர் படையெடுப்பின்போது பல்லாயிரவர் பர்மாவை விட்டு நீங்கினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டத்தை இயற்றியது. முன்னர் உழவன் நிலத்தை இழந்தான். பின்னர் கடன் கொடுத்தவர் முதலை இழந்தார். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்கள் மட்டும் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் நிற்கின்றன. விலையின் ஏற்றத்தால் உயர்ந்தோர் அதன் வீழ்ச்சியிலிருந்து தப்புவதற்கு ஓர் ஏற்பாடும் அச்சந்தையில் இருக்கவில்லை.

கல்லும் சக்கரமும்

1991ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மன்மோகன் சிங் அளித்த நிதிநிலை அறிக்கை இந்தியப் பொருளியலைத் தாராளமயத்தின் பக்கம் திருப்பியது. அதே ஆண்டில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. நாட்டின் தலைநகரில் சந்தை திறக்கப்பட்ட காலத்தில், இங்கே சந்தைக்குச் செல்லும் வழி ஏழைப் பெண்களுக்குத் திறக்கப்பட்டது எனலாம்.

இம்மாவட்டத்துக் கல்குவாரிகளை ஒப்பந்தக்காரர் ஏலத்தில் எடுப்பதும், பெண்கள் அவற்றில் கூலிக்குக் கல்லுடைப்பதும் நெடுநாள் வழக்கம். கல்லின் விலை என்ன என்பது உடைத்தவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கூலி ஒன்றே. முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாய்ப் போனோரும் உண்டு. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகையாக வழங்கப்பட்டன. ஆயிரக்கணக்கான பெண்கள் இதனால் பயன்பெற்றனர். லாரிக்காரரிடம் விலை பேசியவரும், கணக்கு எழுதியவரும், ஆதாயத்தைப் பங்கிட்டவரும் அப்பெண்களே. அறிவொளி கற்பித்த எழுத்தும் எண்ணும் அங்கே வயிற்றுக்குப் பயன்பட்டன.

மிதிவண்டிப் பயிற்சி அவ்வியக்கத்தின் மற்றொரு கூறு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி கற்றனர். முத்துபாஸ்கரன் என்னும் அறிவொளித் தொண்டர் எழுதிய மிதிவண்டிப் பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. ஒரு பாட்டு மக்களின் கால்களை இயக்க வல்லது என்பதற்கு அது சான்று. பேருந்துக்குக் காத்திராமல் விளைபொருளைப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்கப் பெண்களால் முடிந்தது. மகளிர் மிதிவண்டிகள் கடைகளில் தீர்ந்தபோது ஆடவர் வண்டிகளையே வாங்கி ஓட்டினர். வாங்குவோர் பெருகியதால் மிதிவண்டி வணிகரும் தழைத்தனர். எளியோர் சந்தைக்குள் நுழைந்தால் சந்தையும் வளர்கிறது என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் குவாரிக் குத்தகை நிலைபெறவில்லை. முன்னைய ஒப்பந்தக்காரரின் எதிர்ப்பு வலுத்தது. பணமுடையோரும் பணமிலாரும் ஒரே ஏலத்தில் நின்றால், ஏலம் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் வெல்பவர் யார் என்பது ஏலத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. தடையிலாப் போட்டியின் பெருங்குறை இதுவே.

பூவின் விலை

இவ்வுண்மையைக் கீரமங்கலம் பூச்சந்தையில் இன்றும் காணலாம். முகூர்த்த நாளில் பூவின் விலை ஏறுகிறது. மற்ற நாட்களில் பறித்த கூலிக்கும் ஆகாமல் பூ குப்பைக்குச் செல்வதும் நேர்கிறது. பொன்னை வைத்திருந்து விற்கலாம், கல்லும் காத்திருக்கும், நெல்லையும் சில திங்கள் சேமிக்கலாம், பூவோ மாலைக்குள் வாடிவிடும். காத்திருக்க முடியாதவன் கேட்ட விலைக்கே கொடுப்பான். அவனுக்கும் வாங்குவோனுக்கும் இடையே உள்ள உடன்பாட்டை மனமொப்பிய உடன்பாடு என்று கூறுதல் பொருந்துமா என்பது எண்ணத்தக்கது.

தடையிலாச் சந்தை காட்டை வயலாக்கியது. கடலைக் கடக்கச் செய்தது. முயற்சிக்கு ஊதியம் தந்தது. இவற்றை மறுப்பது வரலாற்றை மறுப்பதாகும். அதே சந்தை, காத்திருக்கும் வலிமை அற்றோரைக் கைவிட்டது என்பதும் வரலாறே. ஐந்நூற்றுவர்க்குக் கூட்டும் காவலும் இருந்தன. கல்லுடைத்த பெண்டிர்க்குச் சில ஆண்டுகள் எழுத்தும் குத்தகையும் இருந்தன. அவை இருந்தவரையில் அவர்களும் விலை கூறினர். விலை கூறும் உரிமை எல்லார்க்கும் வாய்க்கும்போதுதான் பட்டினப்பாலை புகழ்ந்த வாணிகம் மீண்டும் மெய்யாகும்.