கேமில் முகம் காட்டாத அப்பா, மதுரையில் பெயர் இல்லாத அம்மா

வீட்டில் கேம் விளையாடுற பசங்க இருந்தா 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி'ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 2017ல் வந்தது. க்ளோயின்னு ஒரு பெண், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹோய்சாளர் காலத்து விநாயகர் தந்தத்தைத் தேடிப் போவாள். அவளுக்கு முன்னாடி அதைத் தேடி உயிரை விட்டவர் அவளோட அப்பா. அந்தக் கதைக்கே விதை அவர்தான். ஆனா மனுஷனை ஒரு தடவைகூடத் திரையில் பார்க்க முடியாது. அவள் பேச்சில் வருவார், அவ்வளவுதான்.

தந்தம் கற்பனை. ஹோய்சாளர் நிஜம், அதுவும் எங்க ஊருக்குப் பக்கத்து நிஜம். தொப்பூர் கணவாய் ஏறினா தருமபுரி, அந்தக்காலத் தகடூர். இன்னும் வடக்கே போனா கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணி. ஹோய்சாள மன்னன் வீர ராமநாதன் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்து ஆண்டான்.

அந்த வம்சத்தின் கடைசிப் பெரிய ராஜா மூன்றாம் வீர வல்லாளன். திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூர்க் கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவங்க அவகாசம் கேட்டாங்க. 14 நாள் கொடுத்தான். அந்த இடைவெளியில் மதுரை சுல்தான் கியாசுத்தீன் படையோடு வந்து, மதிய ஓய்வு நேரத்தில் பாய்ந்தான். கிழ ராஜா பிடிபட்டு, கொல்லப்பட்டு, தோல் உரிக்கப்பட்டு, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டான். 1342-43 வாக்கில் நடந்தது. மொராக்கோ பயணி இபின் பதூதா அதைக் கண்ணால் பார்த்ததா எழுதியிருக்கார்.

இதுவரை பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். டாக்டரா நான் நின்னு படிக்கிறது அடுத்த பக்கத்தை.

அப்போ மதுரையில் கொள்ளைநோய். படுத்தவங்க ரெண்டு, மூணு, மிஞ்சினா நாலு நாளில் சாவு. காலராவா, பிளேக்கா? நெறி கட்டிச்சா, பேதி ஆச்சான்னு பதூதா சொல்லலை, அதனால் நான் எந்தப் பெயரும் ஒட்டமாட்டேன். (சுல்தான் கதை தனி. ஒரு யோகி செய்து கொடுத்த ஆண்மை மாத்திரை, அதில் இரும்புத்தூள். அளவுக்கு மேல முழுங்கி நோயில் விழுந்தார். இன்னைக்கும் இந்த மாதிரி லேகியம் சாப்பிட்டுட்டு வர்றவங்க உண்டு!)

தொப்பூர் இறக்கத்தில் அடிபட்டு வர்றவங்களை ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 40'னு எழுதுறது இந்தப் பக்கத்து டாக்டர்களுக்குப் பழகின வரி. பதூதாவின் பக்கமும் அப்படித்தான் இருக்கு.

ஒரு அடிமைப் பெண்ணை வாங்கினார். நல்ல ஆரோக்கியம்னு சொல்லி வித்தாங்க. மறுநாள் செத்துட்டா. பெயர் இல்லை.

அரண்மனையில் நெல் குத்தக் கூட்டிவந்த பெண்கள், நூத்துக்கணக்கில், நோயோடு வெயிலில் விழுந்து கிடந்தாங்க. ஒருத்தி பெயரும் இல்லை.

அப்புறம் ஒரு அம்மா. புருஷன் ஒருகாலத்தில் பழைய சுல்தானிடம் மந்திரி. இப்போ கஷ்டம். எட்டு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்து உதவி கேட்டாள். பையன் கெட்டிக்காரன்னு பதூதாவுக்குப் பிடிச்சுப்போச்சு, காசு கொடுத்தனுப்பினார். ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தாங்க.

அடுத்த நாள் அவள் தனியா வந்தாள். பையனுக்குக் கோடித்துணி வேணும்னு கேட்டாள்.