பகிடிவதையும் இளையோர் உயிரிழப்பும்: 1998இன் இரு சட்டங்கள்

ஈழத்துத் தமிழில் வழங்கும் ‘பகிடிவதை’ என்னுஞ் சொல்லே ஒரு தீர்ப்பாக அமைந்துள்ளது. செய்வோர் அதனைப் பகிடி என்பர். படுவோர் வதை என்பர். சொல்லை ஆக்கியோர் இரண்டையும் ஒட்டி வைத்தனரேனும் அழுத்தம் ஈற்றிலேயே விழுகின்றது. இலங்கைச் சட்டம் அவ்வழுத்தத்தை உணர்ந்துகொள்ள 1998 வரை காலஞ் சென்றது.

அதற்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. 1975இல் பேராதனை வளாகத்தின் விவசாய பீட மாணவி ரூபா ரத்னசீலி, பகிடிவதையினின்று தப்பும் பொருட்டு இராமநாதன் விடுதி மாடியிலிருந்து குதித்தார். உயிர் எஞ்சியது; உடல் செயலிழந்தது. 27 ஆண்டுகளின் பின், 2002இல், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வதைத்தோர் சில வாரங்களில் மறந்திருக்கக்கூடிய ஒரு மாலைப்பொழுது, வதைபட்டவரின் வாழ்வில் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. பகிடிவதையின் பாதிப்பை அது நிகழ்ந்த நாளோடு முடிந்ததாகக் கணக்கிடுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். 1997இல் அதே பேராதனையிற் பொறியியல் பீடத் தமிழ் மாணவர் வரப்பிரகாஷ், கடும் உடற்பயிற்சிக்கு வற்புறுத்தப்பட்டமையாற் சிறுநீரகஞ் செயலிழந்து இறந்தார்.

மறு ஆண்டு பகிடிவதைத் தடைச்சட்டம் நிறைவேறியது. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், அதனாற் கடுங்காயம் விளையுமிடத்துப் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க அது வழிசெய்தது. அதே 1998இல் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரையுங் குற்றவாளியாகவே கண்டது. அப்பிரிவு நீக்கப்பட்டது. வாழ்வை வெறுத்தவனைக் குற்றவாளி என்பதை விடுத்த சட்டம், அவ்வாறு வெறுக்கச் செய்பவனைக் குற்றவாளி என்றது ஓராண்டினுள்ளேயே. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவோர் அரியர்.

அவ்வாண்டில் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி போர்க்களமாய்க் கிடந்தது. 1996இற் படையினர் வசமான கிளிநொச்சி நகரம் 1998 செப்தெம்பரில் விடுதலைப் புலிகள் வசமாயிற்று. கொழும்பில் இயற்றப்பட்ட சட்டம் அங்கு எட்டியிருக்க வழியில்லை. இன்று நிலைமை வேறு. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கிய வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014இற் பொறியியற் பீடம் தோன்றியது. இடம்பெயர்விலும் முகாமிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்தவரும், போரைச் செய்தியாக மட்டும் அறிந்தவரும் பதின்பருவத்தை அப்போதுதான் கடந்தவராய் ஒரே விடுதிக்கு வந்து சேர்கின்றனர். பேராதனையின் வரலாறு இவ்வாறு வன்னிக்கும் உரியதாயிற்று.

வன்னி நெல் விளையும் மண். பூச்சிகொல்லி இல்லாத கமக்காரர் வீடு அரிது. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அஃதொன்று. 1984, 1995 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும், மிகு நச்சுடைய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 1995க்குப் பின் இருபதாண்டினுள் அவ்வீதம் மூன்றிலிரண்டுக்கு மேற் குறைந்தது. நெல் விளைச்சல் அதனாற் குன்றவுமில்லை. மக்களின் துயர் குறைந்ததோ எனின், அன்று. நஞ்சருந்தி வைத்தியசாலை சேர்ந்து பிழைத்தோர் தொகை பெருகியது. உயிரை வெறுக்கும் கணம் பெரும்பாலும் குறுகியது. அக்கணத்திற் கொடிய நஞ்சு கைக்கெட்டாதவர் பலர் பிழைத்தனர். அவ்வாறு பிழைத்தவர் பேசுதற்கு ஓர் ஆளும் வேண்டும். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவும், 1926 என்னும் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமும் அதற்கென உள்ளன.

பூச்சிகொல்லித் தடை பாதிக்கப்பட்டவனின் முறைப்பாட்டிற்குக் காத்திருக்கவில்லை. பகிடிவதைச் சட்டமோ பெரிதும் முறைப்பாட்டையே நம்பி நிற்கின்றது. முறையிடும் புதுமுக மாணவன் எஞ்சிய ஆண்டுகள் முழுவதும் அதே சிரேட்ட மாணவரிடையே உண்டு, உறங்கி, குறிப்புகளும் இரந்து பெறவேண்டியவன். அவன் வாய் திறவாமைக்குக் கோழைமையைக் காரணங் கூறுவது பொருந்தாது. முதலாண்டினர்க்குத் தனி விடுதி, அங்கேயே இரவு தங்கும் காப்பாளர், பெயர் வெளிப்படாத முறைப்பாட்டு வழி ஆகிய மூன்றும் அவன் துணிவை எதிர்பாராமலே அவனைக் காக்கவல்லன.