ஊரும் பேரும் – 14: இத்தாக்காவுக்கு முன் இருந்த ஊர்

ஒடிசியஸ் 20 ஆண்டு கழித்துத் தன் தீவில் கரையேறியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். இத்தாக்கா என்ற அந்தத் தீவின் பெயர் நியூயார்க் மாநிலத்து நகரம் ஒன்றுக்கு வந்ததையும், அங்கே 1865-ல் கார்னெல் பல்கலைக்கழகம் உருவானதையும் இந்த வாரம் சொல்வதாக வாக்கு. கார்னெல் அடுத்த வாரம். அந்த நகரத்துக்கு முன் அந்தப் பக்கத்தில் இருந்த கொரியோர்கோனலைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

டூட்டலோ மக்களின் ஊர் அது. வர்ஜீனியாவிலிருந்து வடக்கே ஒதுங்கி வந்தவர்களைக் கயூகா மக்கள் அரவணைத்து, கயூகா ஏரியின் தென்கோடியில் இடம் கொடுத்தார்கள். 25 வீடுகள் இருந்திருக்கும்.

1779. அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. இரோகுவாய் கூட்டமைப்பின் ஆறு இனங்களில் கயூகா உட்பட நான்கு பிரிட்டிஷார் பக்கம் நின்றதால், ஜெனரல் சல்லிவனை வாஷிங்டன் அனுப்பினார். ஊர்களையே அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஏறத்தாழ 40 ஊர்கள் எரிந்தன. அறுவடைக்கு நின்ற சோளத்தையும் விடவில்லை, பீச் மரங்களையும் விடவில்லை. காய்க்கிற மரத்தை வெட்டுவது என்ன வீரம்? செப்டம்பர் 24-ல் கர்னல் டியர்பார்னின் படை கொரியோர்கோனலைக் கொளுத்தியது. வாஷிங்டனை மாவீரர் என்று இந்தத் தொடரிலேயே எழுதியிருக்கிறேன். இரோகுவாய் மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஊரை அழிப்பவர்'. அதையும் சேர்த்துத்தான் அவரை நிறுக்க வேண்டும்.

போர் முடிந்ததும் அந்த நிலத்தை அளந்து, சிப்பாய்களுக்கு ஆளுக்கு 600 ஏக்கர் என்று பிரித்தார்கள். ஹோமர், விர்ஜில், ஹெக்டர் என்று பகுதிகளுக்குப் பெயர்கள். யுலிசஸும் உண்டு, ஒடிசியஸின் லத்தீன் பெயர்தான் அது. யுலிசஸ் பகுதிக்குள் ஏரிக்கரையில் எழுந்த ஊருக்கு, மாநில நில அளவைத் தலைவர் சிமியன் டெ விட் இத்தாக்கா என்று பெயரிட்டார்.

டூட்டலோக்கள் கனடாவில், கிராண்ட் ஆற்றங்கரையில் போய்ச் சேர்ந்தார்கள். மொழியறிஞர் ஹொரேஷியோ ஹேல் 1870-ல் அங்கே நிகோன்ஹா என்ற முதியவரைத் தேடிப் போனார். இனக் கலப்பில்லாத கடைசி டூட்டலோ அவர். வயது 106 என்றார்கள். அந்தக் கணக்கு சரியென்றால், கொரியோர்கோனல் எரிந்தபோது அவர் 15 வயதுப் பையன். ஹேல் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தொலைதூர மேற்கில் வாழும் டக்கோட்டா மக்களின் மொழிக்கு டூட்டலோ உறவு என்பது அந்தச் சொற்களால்தான் உலகுக்குத் தெரிந்தது.

மறு ஆண்டு நிகோன்ஹா இறந்துபோனார், கிராண்ட் ஆற்றங்கரையிலேயே.