நியாயவாதி தர்குட் மார்ஷலின் முற்பருவ வரலாறு

ஒருவன் கற்ற கல்வி அவனுக்கே உரியதோ, அன்றி அவனைப் பெற்று வளர்த்த சமூகத்தார்க்கும் அதிற் பங்குண்டோ என்னும் வினா எந்நாட்டார்க்கும் பொதுவாம். இவ்வினாவிற்கு விடையாய் விளங்கிய அமெரிக்க நியாயவாதி தர்குட் மார்ஷல் என்பாரின் இளமை வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1908-ஆம் ஆண்டு மேரிலாந்து மாகாணத்துப் பால்டிமோர் நகரிற் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். தாயார் பள்ளி ஆசிரியை. தந்தையாரோ நீதிமன்றஞ் சென்று வழக்குகளைக் கேட்பதிற் பெருவிருப்பினர். மைந்தர் எது கூறினும் அதற்கு ஆதாரங்கேட்டு வாதிடுவார்.

மேரிலாந்து சர்வகலாசாலையின் சட்டப்பள்ளி அவ்வூரிலேயே இருந்தது. ஆயினும் அந்நாளிற் கறுப்பினத்தார்க்கு அங்கே இடமில்லை. ஆதலின் மார்ஷல் 1930-இல் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு சர்வகலாசாலையிற் சேர்ந்து, நாள்தோறும் சுமார் 40 மைல் புகைவண்டியிற் சென்று பயின்றார். கல்விச் செலவின் பொருட்டு அன்னையார் தம் மணமோதிரத்தையே அடகு வைத்தனர் என்ப.

அங்கு அவர்க்கு வாய்த்த ஆசான் சார்லஸ் ஹௌஸ்டன் என்பவர். சட்டமறிந்தோன் தன் மக்களின் குறைகளைக் களைதற்கே அதனைப் பயன்படுத்தல் வேண்டுமென்பது அவ்வாசான் கொள்கை. மார்ஷல் 1933-இல் வகுப்பில் முதல்வராய்த் தேறிப் பால்டிமோரில் தொழில் தொடங்கினார். நாடெங்கும் பொருள் முடை மிகுந்த காலமாதலின் வந்தவர் பலர் ஏழைகளே. கூலி கொடுக்கவியலாதார் வழக்குகளையும் அவர் ஏற்று நடத்தினார்.

1935-இல் டொனால்டு மர்ரே என்னும் கறுப்பின இளைஞர், அதே மேரிலாந்து சட்டப்பள்ளியில் இடம் மறுக்கப்பட்டார். ஆசானும் மாணாக்கருமாய் அவர்க்காக வழக்காடினர். பிரித்து வைப்பினும் சமமாக வைத்தல் வேண்டுமென்பது 1896-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின் விதி. அவ்விதியையே அவர்கள் கருவியாகக் கொண்டனர். கறுப்பினத்தார்க்கு அம்மாகாணத்தில் வேறு சட்டப்பள்ளி இல்லை. வெளிமாகாணத்திற் பயில்வோன் மேரிலாந்தின் சட்டத்தையும் நீதிமன்ற வழக்கத்தையும் எங்ஙனம் அறிவான் என வினவினர். நீதிபதி மர்ரேயைச் சேர்க்குமாறு ஆணையிட்டார். 1936 ஜனவரியில் மேல்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. மர்ரே 1938-இல் அப்பள்ளியிலேயே தேறினார்.

ஆசிரியத் தொழிலினராகிய நாம் மற்றொரு வழக்கையும் மறத்தலாகாது. மேரிலாந்தின் மாண்ட்கோமரி வட்டத்திற் கறுப்பின ஆசிரியர் பெற்ற ஊதியம் வெள்ளையர் பெற்றதில் ஏறத்தாழப் பாதியே. வேலை போகுமென்னும் அச்சமிருந்தும் வில்லியம் கிப்ஸ் என்னும் ஆசிரியர் 1936-இல் வழக்குத் தொடுக்க முன்வந்தார். மார்ஷல் அவர்க்குத் துணைநின்றார். 1937-இல் அதிகாரிகள் ஊதியத்தைச் சமப்படுத்த உடன்பட்டனர்.

இவ்வெற்றிகள் ஒவ்வொன்றும் ஓரிடத்தையே கட்டுப்படுத்தின. நாடு முழுவதையும் அல்ல. ஆயினும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அவ்வுழைப்பே, 1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தற்கு வழிகோலியது. அவ்வழக்கிலும் வாதாடியவர் மார்ஷலே. 1967-இல் அந்நீதிமன்றத்திலேயே முதற் கறுப்பின நீதிபதியாய் அமர்ந்தார்.

பிள்ளைகளைச் சட்டம் பயில அனுப்பும் பெற்றோர் இதனை அவர்கட்கு எடுத்துரைப்பாராக. தாய் அடகு வைத்த மோதிரத்தின் பயன் ஒரு மகனுக்கு மட்டுமன்றி, இடம் மறுக்கப்பட்ட மாணவர்க்கும் பாதி ஊதியம் பெற்ற ஆசிரியர்க்கும் போய்ச் சேர்ந்தது.